ஜெபம் வரவில்லை, சபையிலும் இரண்டு பக்கம்: தலவாக்கலையிலிருந்து வந்த கேள்விக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று நீங்களே பார்க்கலாம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா 30 வருடமாக ஒரே தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அண்ணன் 2024 தேர்தல்களில் எதிர்ப்பக்கத்துக்கு வேலை செய்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, அண்ணன் குடும்பம் பணிய லயத்தில் (கீழே உள்ள வரிசை வீடுகளில்) தனிச் சமையல். சபையிலும் அதே கோடு விழுந்துவிட்டது. மேட்டு லயத்துக் குடும்பங்கள் ஜன்னல் பக்கம், மற்றவர்கள் சுவர்ப் பக்கம். போதகர் பிரசங்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து பேசினார். இதற்கு நடுவில் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது, கிழமைக்கு இரண்டு நாள் டயலிசிஸ். கொழும்பில் பார்த்த கடை வேலையை விட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்து பத்து மாதம். நகை அடகில் இருக்கிறது, குழுக் கடன் வேறு. முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. கடைசியில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: கிறிஸ்தவர்கள் அரசியலில் இறங்கலாமா, இந்தச் சபையை விட்டுவிடலாமா, வருகிற ஞாயிறு திருவிருந்துக்குப் போகலாமா.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் எழுத்தின் நடுவில், கேள்விக்குறி இல்லாமல், ஒரு வரி கிடக்கிறது: "எனக்குள்ள விசுவாசம் செத்துப்போன மாதிரி இருக்கு." உங்களுக்குப் பதில் வேண்டியது அந்த வரிக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. நான் பிலிமத்தலாவ இறையியல் கல்லூரியில் படித்தவன். 27 வருடம் ஹட்டன், மஸ்கெலியா, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டச் சபைகளில் போதகராக இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். நான் வைத்தியன் இல்லை. உங்கள் அண்ணனின் கதையையும் போதகரின் கதையையும் அவர்கள் வாயால் கேட்கவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஜெபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஜெபம் வராமல் போவதும் விசுவாசம் போவதும் ஒன்றல்ல. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். அவனிடம் தேவதூதன் முதலில் என்ன செய்தான்? வசனம் சொல்லவில்லை, விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்கவிட்டான். தட்டியெழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. நம் வீட்டு ரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தின்றான், குடித்தான், மறுபடியும் படுத்தான். இரண்டாம் தரமும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். கடவுள் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அம்மாவை பஸ் ஏற்றி, ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வாங்கில் உட்கார்ந்து, இரவு வந்து சமைத்துப் போட்டுவிட்டு முழங்காலில் நிற்கிற ஒருத்திக்கு வார்த்தை வராததை நான் அவிசுவாசம் என்று சொல்லமாட்டேன். உடம்பு முடியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே மாதிரி 88ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எப்படியோ கடைசியில் ஒரு துதிக்கு வந்துவிடும். இது வராது. இருளிலேயே முடிகிறது. அப்படி முடிகிற ஒரு பாட்டையும் ஜெபமென்று ஏற்று வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பவுல் ரோமருக்கு எழுதும்போது, என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாத நேரத்தில் ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்கிறார். இந்த வசனத்தை நான் வருடக்கணக்காகப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். ஆனால் என் மனைவி நோயில் கிடந்த அந்த ஏழு மாதத்தில்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளும் ஒழுங்காக நான் ஜெபித்ததில்லை. பெருமூச்சு மட்டும்தான் இருந்தது. அதுவும் ஜெபக்கணக்கில் சேர்ந்தது என்று இன்று நம்புகிறேன். இப்போதைக்கு நீங்களாக வார்த்தை தேடவேண்டாம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மட்டும் ஒரு நாளைக்கு ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அம்மா கேட்கிற மாதிரி. அதற்குமேல் முடியாவிட்டால் குற்றமில்லை.

இங்கே எனக்குத் தெரிந்ததின் எல்லையையும் சொல்லவேண்டும். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாவிட்டால் செலவு குறையும்" என்று ஒரு நாள் நினைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. இது மனச்சோர்வு நோயா, வெறும் களைப்பா என்று எழுத்தை வைத்து என்னால் சொல்ல இயலாது, அது வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டியது. அம்மாவைக் கூட்டிப்போகிற அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அம்மாவை மெஷினில் போட்ட பிறகு உங்களுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் இருக்கிறது, அதில் போய்ப் பாருங்கள். அந்த நினைப்பு மறுபடியும் வந்தால் காத்திருக்கவேண்டாம், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு உடனே எடுங்கள். மாத்திரை குடிப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், அம்மாவின் டயலிசிஸையும் நிறுத்தச் சொல்வீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒருவர் அம்மாவின் நோய் "குடும்பச் சாபம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இயேசுவின் பதில்: "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." இதற்குமேல் அந்த ஆளுக்குப் பதில் தேவையில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவும் அண்ணனும் ஒரே விஷயத்துக்குச் சண்டை போடுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரை, அவர்கள் இரண்டு பேரும் பேசுவது இரண்டு வெவ்வேறு விஷயம். அப்பாவின் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1947 தேர்தலில் நம் ஆட்கள் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் ஆட்களில் பெரும்பாலானோர் பிரஜைகள் இல்லாமல் போனார்கள், அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் தோட்டத்திலிருந்து ஒருவரும் இல்லை. மறுபடி ஒருவர் தேர்தலில் வென்று போனது 1977இல்தான். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்குபோட்டார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். உங்கள் அப்பா வயதுக்காரர்கள் பலருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை கைக்கு வந்தது, மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இல். அதுவரைக்கும் பிரஜாவுரிமை இல்லாத ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அரசாங்கக் கச்சேரியில் பேர் இல்லை, வாக்குச்சாவடியில் பேர் இல்லை. பேர் இருந்தது இரண்டே இடத்தில்: செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப் பதிவில், சங்கத்துச் சந்தாப் பட்டியலில். தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசுவதற்கு, பிறப்புச் சான்றிதழுக்குக் கடிதம் எழுதுவதற்கு, அரைப்பேர் (அரை நாள் கூலி) போட்டதைத் தட்டிக் கேட்பதற்கு சங்கத்தை விட்டால் வேறு யாரும் இல்லை. அப்பாவுக்கு அது வெறும் கட்சியாகத் தெரியாது. நாடு கைவிட்ட காலத்தில் கூட நின்ற ஆள் மாதிரிதான் தெரியும். அண்ணன் மாறியதும் அரசியல் கருத்து மாறிவிட்டது என்று அவருக்குத் தோன்றவில்லை, நன்றி கெட்டுப்போனான் என்றுதான் தோன்றியிருக்கும்.

அண்ணன் பிறக்கும்போதே பிரஜை. வாக்கு அவருக்கு யாரும் வாங்கிக் கொடுத்ததல்ல, அவருடையது. அதனால் அதை வைத்து அவர் கணக்குக் கேட்கிறார். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று 2015இல் கேட்க ஆரம்பித்தார்கள், வர்த்தமானியில் வந்தது 2021இல். ஆறு வருடம். அடுத்த வருடமே ரூபாய் விழுந்து சாமான் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த ஆறு வருடத்தில் அப்பா எத்தனை தரம் றோட்டில் உட்கார்ந்தார் என்பது அண்ணனுக்குத் தெரியும். உட்கார்ந்தும் கிடைத்தது என்ன என்பதும் தெரியும். அண்ணன் கோபப்படுவது அப்பாவின் மேல் இல்லை என்றே நினைக்கிறேன். அப்பாவைப் போன்றவர்களின் உழைப்புக்கு விலை கிடைக்கவில்லை என்ற கோபம் அது. இது என் ஊகம்தான், ஆனால் இதே சண்டையைக் குறைந்தது பதினைந்து வீட்டிலாவது பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அப்பாவிடம் "அண்ணன் சொல்வதும் சரிதானே" என்று வாதாடவேண்டாம். அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். பிரஜாவுரிமைக்கு யார் எழுதிக்கொடுத்தது, தாத்தாவின் பேர் எந்தப் பட்டியலில் இருந்தது என்று கேளுங்கள். முடிந்தால் அண்ணனின் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.

கிறிஸ்தவர்கள் அரசியலில் இறங்கலாமா? இறங்கலாம். சில நேரத்தில் இறங்கத்தான் வேண்டும். யாக்கோபு 5:4ஐ நம் தோட்டச் சபைகளில் எத்தனை பேர் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறீர்கள்? வயல் அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிகளில் போய்ச் சேர்ந்தது என்கிறது அந்த வசனம். வயல் என்ற இடத்தில் தேயிலை மலை என்று வைத்து வாசித்தால் விளக்கமே வேண்டாம். இருந்தும் நம் சபைகள் இந்த வசனத்தில் கூச்சப்பட்டதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. இந்த மலைகளில் தமிழருக்கான அங்கிலிக்கன் ஊழியம் 1854இல் ஒழுங்காக ஆரம்பித்தபோது அதற்குப் பணம் போட்டவர்களில் தோட்டத் துரைமார்களும் இருந்தார்கள். அதன் பெயரே "தமிழ்க் கூலி மிஷன்". அந்த ஊழியர்கள் பள்ளிக்கூடம் வைத்தார்கள், மலை மலையாக நடந்து பிரசங்கம் பண்ணினார்கள், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன், என் முன்னோரும் அங்கேதான் எழுத்துப் படித்தார்கள். ஆனால் துரை தயவில் நிற்கிற கோயிலில் கூலியைப் பற்றிப் பேசுவது கஷ்டம். அந்தப் பழக்கம் துரைமார் போன பிறகும் நம்மை விட்டுப் போகவில்லை. ரோமர் 13ஐ, "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்பதை, அந்த அமைதிக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டோம். பவுல் அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, அன்பு பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது என்கிறார். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் பேதுரு, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்கிறான். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது, எந்தப் புள்ளியில் கீழ்ப்படிதல் நிற்கும் என்பதில் நல்ல விசுவாசிகளே காலங்காலமாக ஒத்துப்போனதில்லை. அநியாயக் கூலியைப் பற்றி வாய்மூடி இருக்க ரோமர் 13 அனுமதி கொடுக்கிறது என்று மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் தோன்றியதில்லை.

நல்ல முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 1972இல் கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் "சத்யோதய" நிலையத்தை ஆரம்பித்தார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் இருந்து தோட்டங்களுக்காக வேலை செய்தார்கள். 2023இல் நம் மக்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அதை ஒழுங்குபண்ணியதில் தேசிய கிறிஸ்தவ மன்றத்துக்கும் பங்கு உண்டு. முன்னோர் நடந்து செத்த அதே வழி. அது அரசியல் இல்லை என்று யார் சொல்வது? ஆனால் அதில் யாருக்கு வாக்குப் போடு என்ற பேச்சு இல்லை.

அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் போதகர் தவறியிருக்கிறார், நீங்கள் எழுதியது அப்படியே நடந்திருந்தால். கூலி, வீடு, காணி, தண்ணீர் இதையெல்லாம் பிரசங்க பீடத்தில் பேசலாம், பேசவேண்டும். வேட்பாளரைப் பேசக்கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, செய்து கெட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ஊழியத்தின் ஐந்தாவது வருடம், ஒரு தேர்தலுக்கு முன்னால், அறுப்பின் பண்டிகை ஆராதனையில் ஒரு வேட்பாளரை நான்கு வார்த்தை பேசவிட்டேன். கோயில் மண்டபத்துக்குக் கூரைத் தகரம் தருகிறேன் என்றார், சொன்னபடி தந்தார். மழைக்காலம், கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, எனக்கு அது கடவுள் தந்த பதிலாகவே பட்டது. அடுத்த ஞாயிறு ஏழு குடும்பம் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். ஒரு வயதான அம்மா, அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்து அங்கேயே கலியாணம் முடித்தவர், "ஐயா, அந்தத் தகரத்துக்கு அடியில நான் எப்படி வந்து உக்காருறது, அவங்க ஆளுங்கதான் போன எலெக்சன்ல என் மகன அடிச்சாங்க" என்றார். எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை. சபை முன்னால் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து குடும்பம் திரும்பி வந்தது, இரண்டு குடும்பம் வரவே இல்லை. அந்த அம்மா வரவில்லை. அவர் அடக்கத்துக்கு வேறு சபைப் போதகர்தான் வந்தார், நான் கூட்டத்தில் நின்றேன். இருபது வருடம் கழிந்தும் மழைச் சத்தம் தகரத்தில் கேட்டால் எனக்கு அவர் முகம்தான் வரும்.

ஒரே சபையில் இரண்டு பக்கத்து ஆட்கள் இருப்பது சபை கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று நினைக்கவேண்டாம். இயேசுவின் பன்னிரண்டு சீஷரில் மத்தேயு ஆயக்காரன், அதாவது ஆட்சியில் இருந்தவர்களுக்கு வரி பிடித்துக் கொடுத்தவன். இன்னொருவன் செலோத்தே என்னப்பட்ட சீமோன். இவன் ரோமருக்கு எதிரான ஆயுதக் கட்சிக்காரன் என்று பிரசங்கங்களில் சொல்வது வழக்கம், நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரில் ஒரு கட்சி இயேசுவின் காலத்திலேயே இருந்ததா, அல்லது அது வெறுமனே வைராக்கியமுள்ளவன் என்ற பட்டமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆகவே அதன்மேல் அதிகம் கட்டமாட்டேன். கொரிந்து சபை அப்படியல்ல, அது எழுத்திலேயே இருக்கிறது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்றார்கள். அதைவிட மோசம், திருவிருந்தில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். பவுலுக்கு உண்மையில் கோபம் வந்தது அந்த இரண்டாவதில்தான். கருத்து வேறுபட்டதைவிட, பந்தியில் ஒருவன் பசியோடு இருந்ததுதான் அவரைச் சுட்டது. உங்கள் சபையில் ஜன்னல் பக்கத்துக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் சுவர்ப் பக்கத்துக்காரர் போகிறாரா? அம்மாவின் நோய்க்கு இரண்டு பக்கத்திலிருந்தும் யாராவது வந்தார்களா? அதைக் கவனியுங்கள். போவதும் வருவதும் நிற்கவில்லை என்றால் சபை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி உங்கள் அப்பா சொல்லியிருப்பார். கண்டியும் உட்பட்ட குருநாகல் மறைமாவட்டத்தின் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அப்போது இங்கிலாந்தில் இருந்தார். திரும்பி வந்து, அடிபட்டவர்களைப் பார்த்துவிட்டு, ஒரு சிங்களவராக, தன் இனத்தார் செய்ததற்குத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்டுத் தன் சபை முன்னால் பேசினார். அந்த ஒக்டோபரிலேயே காலமானார். அந்த நேரத்தில் அவருடைய சொந்த அண்ணன் மகன், பிற்பாடு ஜனாதிபதியான ரணில், அரசாங்கத்தில் அமைச்சர். குடும்பம் ஒரு பக்கம், மனச்சாட்சி ஒரு பக்கம் என்ற நெருக்கடி நம் தோட்டத்து லயத்தில் மட்டும் வருவதல்ல. பிலிமத்தலாவையில் என்னோடு படித்த சிங்கள நண்பர்கள் அவர் பேச்சைப் பற்றிச் சொல்லும்போது சிலர் கண் கலங்குவார்கள், சிலர் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்பார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள், நானும் அங்கேதான் சாப்பிட்டேன்.

இந்தச் சபையை விடலாமா என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. முதலில் செய்யவேண்டியது எதுவென்று மட்டும் சொல்லமுடியும். போதகரைத் தனியாகப் பாருங்கள், கூட ஒரு மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "ஐயா, நீங்கள் ஒரு பக்கம் பேசியபோது அண்ணன் குடும்பத்துக்கும் எனக்கும் கோயிலில் இடம் இல்லை என்று பட்டது" என்று, உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதைக் கொண்டுபோகவேண்டாம். அந்த அம்மா என்னிடம் சொன்னது போல யாராவது நேராகச் சொன்னால் பெரும்பாலான போதகர்களுக்கு உறைக்கும். அவர் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே செய்தால், அல்லது உங்களையே பீடத்தில் வைத்துக் குத்திப் பேசினால், வேறு சபைக்குப் போவதில் பாவம் இல்லை, உங்கள் குடும்பத்துக்கு ஆதரவு வேண்டிய நேரம் இது. ஆனால் இந்தக் களைப்பில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்கவேண்டாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். தூக்கம் திரும்பி வரட்டும், வைத்தியரைப் பாருங்கள், மூன்று மாதம் போகட்டும்.

அண்ணன் விஷயத்தில் ஒன்று. சமாதானம் பேசவென்று போகவேண்டாம், அது யார் சரி என்ற இடத்துக்கே திரும்பி வரும். டயலிசிஸ் நாட்களில் ஒரு நாளைக்கு அம்மாவைக் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். கிழமைக்கு இரண்டு நாளில் ஒன்று. பேர் விழாதே, கூலி போகுமே என்று யோசிப்பார், அந்தக் கணக்கை வெளிப்படையாகப் பேசுங்கள். மாதம் இரண்டு தரம் என்றாலும் சரி. உங்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். அதைவிட, காலையில் அம்மாவைக் கூட்டிப்போக அவர் வாசலுக்கு வரவேண்டும். அப்பா அந்த நேரத்தில் வாசலில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேசுவார்களா என்று எனக்குத் தெரியாது. பேசாவிட்டாலும் அண்ணனுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வையுங்கள்.

கடன் விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான்: ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொன்று எடுக்கவேண்டாம். நகையை மீட்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம், வட்டி கட்டி ஏலத்துக்குப் போகாமல் வைத்திருந்தால் போதும்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. மத்தேயு 5இல், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொல்லியிருக்கிறதே, அண்ணனும் அப்பாவும் பேசாத வீட்டிலிருந்து நான் எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வசனம் உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்றால் என்று சொல்கிறது. உங்கள்மேல் குறை யாருக்கும் இல்லை, நீங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறவர். மற்றவர்கள் பேசாததற்கு நீங்கள் பட்டினி கிடக்கவேண்டாம். போங்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தயக்கமாக இருந்தால், அம்மாவுக்குக் கதவோரக் காற்று வேண்டும் என்று சொல்லிப் பின்வரிசையில் இரண்டு பேரும் உட்காருங்கள். அம்மாவால் படி ஏறி முன்னால் வரமுடியாவிட்டால் அப்பத்தையும் ரசத்தையும் அவர் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் போதகரிடம் சனிக்கிழமையே சொல்லிவையுங்கள், கட்டாயம் செய்வார். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருக்குமே, ரசம் ஒரு சொட்டு போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.